பதினெட்டாவது ஆள்

இரண்டு வருடங்களுக்கு முன் ராமநாதபுரத்தில் எம்.எஸ்சி. உளவியல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பதினெட்டுப் பேர். என்னையும் சேர்த்துப் பதினேழு பேர் சிக்கல், கடலாடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்கள். டிகிரி முடித்த கையோடு வந்தவர்கள். மிச்சம் ஒருவர் பாம்பன் அக்கா. வயது நாற்பதை நெருங்கும். கடற்கரை ஊரிலிருந்து வந்தவர் அவர் மட்டும்தான்.

நெற்றியில் பெரிய பொட்டும் தலை நிறையப் பூவுமாக வருவார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "மச்சான் எங்கக்கா? சோறு பொங்கி வச்சுத்தான் உங்கள அனுப்புறாரா?" என்று தினமும் வம்பிழுப்பேன். "அவரு கடலுக்குப் போயிருக்காரு" என்று சிரிப்பார்.

ஒருநாள் ஆலோசனைப் பயிற்சி. ஒருவர் ஆலோசகராகவும் இன்னொருவர் பிரச்சினையோடு வருபவராகவும் பேச வேண்டும், மற்றவர்கள் கவனிப்பார்கள். நான் ஆலோசகர், எதிரே அக்கா. புருஷன் போன படகு மூன்று வருடமாகக் கரை திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்று ஆரம்பித்தார். என்னமாய் நடிக்கிறார் என்று வியந்தேன். படித்ததெல்லாம் எனக்கும் பொங்கிக்கொண்டு வந்தது.

"இனி வரமாட்டாருன்னு ஏத்துக்கங்கம்மா. காரியத்தைச் செஞ்சு முடிச்சிட்டா மனசு ஆறிரும்" என்றேன். வகுப்பே கைதட்டியது.

அக்கா மட்டும் தட்டவில்லை. "நான் பொட்ட அழிச்சாத்தான் தங்கச்சி அவரு செத்தவரு. கடலே இன்னும் சொல்லல. நானா எப்பிடிச் சாகடிப்பேன்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது நடிப்பே இல்லை. திரும்பி வராத அந்த மனிதரைத்தான் நான் தினமும் கேலியாக விசாரித்திருக்கிறேன்!

அக்கா தொடர்ந்தார். "ஆறுதல் சொல்ல வந்தவுகளும் ஒன்னைய மாதிரித்தான் சொன்னாக. எங்க தெருவுல இன்னும் ரெண்டு பேரு இப்பிடிக் காத்துக் கெடக்காக. அவுககிட்ட வேற மாதிரிப் பேச ஒரு ஆளு வேணுமில்ல? அதுக்குத்தான் படிக்க வந்தேன்."

நான் அழுதேன். அக்காதான் எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

இப்போது நானும் ஒரு ஆலோசகர். வகுப்பில் அக்கா இல்லாமல் நாங்கள் பதினேழு பேர் மட்டுமே இருந்திருந்தால், அந்தக் கைதட்டலை நம்பி, என்றாவது ஒருநாள் ஏதோ ஒரு பாம்பன் வீட்டுக்குள் போய் அதே வார்த்தைகளை நிஜமாகவே சொல்லியிருப்பேன் என்பதை நினைத்தால், இன்றும் உடம்பு கூசுகிறது.