இரண்டும் பச்சை

அந்த மருத்துவமனையில் அவருக்கு 'டபுள்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. பையில் இரண்டு குடை, மேசையில் இரண்டு மூக்குக்கண்ணாடி, வீட்டுச் சாவி கையில் ஒன்று, பக்கத்து வீட்டில் ஒன்று என்று வாழ்கிற மனிதர். "நல்லவேளை, பொண்டாட்டி விஷயத்துல மட்டும் ஒண்ணோட நிறுத்திக்கிட்டீங்க" என்பாள் மனைவி.

அவரைக் குறை சொல்ல முடியாது. மருத்துவமனைக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அப்படி. ஸ்கேன் படங்கள் எல்லாம் கீழ்த்தளத்துக் குளிர் அறையில், ஓர் இரும்பு அலமாரியில் இருக்கும் டிஸ்க்குகளில் போய்ச் சேரும். சர்வரிலிருந்து அந்த டிஸ்க்குகளுக்கு இரண்டு கேபிள்கள். இரண்டும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஒன்று படுத்தால் மற்றது சத்தமில்லாமல் மொத்தத்தையும் இழுக்கும். அந்தச் சத்தமில்லாமையில்தான் வந்தது வினை.

இடது கேபிள் படுத்துவிட்டது. அது செருகியிருந்த இடத்து விளக்கென்னவோ பச்சையாகத்தான் எரிந்தது. தரவு மட்டும் போகவில்லை. வலது கேபிள் ஒண்டியாக ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் போனால் ஸ்கேன் அறையே நின்றுவிடும். டபுள் புதுக் கேபிள் வாங்கி வைத்துக்கொண்டு மேலாளரிடம் போனார். வாங்கியது இரண்டு என்று சொல்லத் தேவையில்லை.

"சார், ஓடிக்கிட்டு இருக்கும்போதே மாத்திடலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

"இப்ப ஏதாவது நின்னு போச்சா?"

"நிக்கல சார். ஆனா..."

"அப்புறம் என்னங்க? ஓடுறதப் போய் ஏன் நோண்டணும்? விளக்கு எரியுதுல்ல?"

அடுத்த வாரமும் நடந்தார். அதற்கடுத்த வாரமும் நடந்தார். கரடியாய்க் கத்தியும் அந்த மனிதர் காதில் ஏறவில்லை. 'நின்றபிறகு வா' என்பதுதான் பதில் என்றால் இரண்டு கேபிள் போட்டதே எதற்கு என்று டபுளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டுத் தட்டின்மேல் காட்டினார்.

பிறகு ஒரு காலை, படங்கள் திறக்க யுகமாகிறது என்று டாக்டர்கள் சத்தம் போட்டார்கள். ஒற்றைக் கேபிள் எவ்வளவுதான் இழுக்கும்? மேலாளர் தலைதெறிக்க ஓடிவந்தார்.

"என்னங்க, இன்னுமா அத மாத்தல? வாங்க, இப்பவே மாத்துங்க!"

டபுள் பல்லைக் கடித்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனார். மேலாளர் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு நின்றார். "சீக்கிரம்... ஆச்சா? மேல கத்துறாங்க." கேபிள்களுக்கு இடது, வலது என்று பெயர் வைத்தவர்கள் அலமாரியின் முன்னால் நின்று வைத்தார்கள். பின்னால் போனால் எல்லாம் மாறிவிடும். டபுள் இதைத் தூக்கத்திலும் சொல்வார். ஆனால் "ஆச்சா, ஆச்சா" என்ற அந்தக் குரல் மூளையைத் தின்றுகொண்டிருந்தது. பின்னால் நின்றபடியே, தன் இடது கைப்பக்கம் இருந்ததைப் பிடுங்கினார்.

உயிரோடு இருந்தது அதுதான்.

கை உடனே புரிந்துகொண்டது. அப்படியே திரும்பச் செருகினார். ஆனாலும் சர்வருக்கு டிஸ்க்குகளோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. சர்வரை அணைத்து மறுபடி எழுப்பித்தான் ஆகவேண்டியிருந்தது. அதற்குள் மேலிருந்து தொலைபேசி. அழுதுகொண்டே இருந்த ஒரு சின்னப் பெண்ணை அம்மா கெஞ்சிக் கொஞ்சி ஒருவழியாய் அசையாமல் படுக்கவைத்திருந்தாளாம். எடுத்த படம் ஒன்றுகூட சேமிக்கப்படவில்லை. மறுபடி முதலிலிருந்து.

டபுளுக்கு அவமானத்தில் காது சுட்டது. "சார், தப்பு என்மேலதான். எது செத்ததுன்னு இப்ப நல்லாவே தெரிஞ்சுபோச்சு. ஒரே நிமிஷம், மாத்திடறேன்."

"போதும் சாமி! இதுக்குத்தான் அன்னைக்கே தொடாதீங்கன்னேன்." மேலாளர் அலமாரியைக் காட்டினார். "பாருங்க, ரெண்டும் பச்சையா எரியுது. இப்படியே விடுங்க." அறையைப் பூட்டிச் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். இருந்த இன்னொரு சாவியையும் டபுளிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

டபுள் மாடிக்குப் போனார். அந்தக் குழந்தை மறுபடி உள்ளே போயிருந்தது. கதவுக்கு வெளியே செருப்பு மட்டும் கிடந்தது. அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பையில் புதுக் கேபிள்கள் இரண்டும் இருக்க, உள்ளே படம் எடுத்து முடியும்வரை அங்கேயே நின்றார்.