ஓடைக்கு வடக்கே எங்கள் கல்லறை

ஐப்பசி மழை விடாமல் பிடித்தால் எங்கள் ஊருக்குள் ஒரு நாற்றம் கிளம்பும்; அழுகிய பாசியும் சேறும் கலந்த அது மூக்கில் ஏறியதுமே ஓடைவாய் உடைந்துவிட்டது என்று தெரிந்துகொள்வோம். வெயில் காலம் முழுக்கக் கடல் மணலைத் தள்ளி ஓடையின் வாயை அடைத்து வைத்திருக்கும், நாங்கள் கால் நனையாமல் அக்கரைக்கு நடந்துபோய் அத்தை வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டு வருவோம். மழையில் அந்த மணல் "பொத்துக்கிட்டா" ஊர் இரண்டாகிவிடும், பிறகு வள்ளம்தான்.

தூத்துக்குடிக்கு வடக்கே, மாவட்டத்தின் கடைசி ஊர் எங்களுடையது. முத்துக் குளிக்கும் சலாபக் காலத்தில் ஓலைக் கொட்டகை போட்டுத் தங்கியவர்கள், சலாபம் முடிந்தும் திரும்பிப் போகாமல் இருந்துவிட்டதால் உண்டான ஊர் என்பார்கள். நல்ல தண்ணீர் ஊறும் தென்கரையில் வீடும் மாதா கோவிலும் கட்டினார்கள், வெள்ளம் ஏறாத வடகரை மேட்டில் கல்லறை வைத்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் பிற்பாடு வந்து, மாவட்ட எல்லை என்று ஓடையின் நடுவே கோடு கிழித்துவிட்டுப் போனான். "வெயில்ல வந்திருந்தாம்னா ஓடையே அவன் கண்ணுல பட்டிருக்காது" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது, அப்பா சாகும்வரை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், ஓடை உடைந்து கிடந்த நேரத்தில், அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பெட்டியை வள்ளத்தில் ஏற்றி அக்கரை சேர்த்தபோது, அங்கே புதிதாக வந்திருந்த கிராம அதிகாரி குடையும் கையுமாகக் கல்லறை வாசலை மறித்து நின்றார். இது வேறு மாவட்டமாம். அந்த மாவட்டத்து ஆளை இங்கே புதைப்பதென்றால் எழுதி வாங்கி வர வேண்டுமாம். பங்குச் சாமியார் எடுத்துச் சொன்னார், பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டார், அதிகாரி வழி விடவில்லை. அப்பாவைத் திரும்பவும் வள்ளத்தில் ஏற்றிவிடுவார்களோ என்று நான் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் ஈர மணலில் உட்கார்ந்தாள். "ஐயா, எங்க மாமனாரு இங்கனதான் கெடக்காவ, மாமியாளும் இங்கனதான். அவியள எழுப்பி, நீங்க எந்த மாவட்டம்னு கேட்டுட்டு வாங்க. நான் இருக்கேன்." அழவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

அதற்குள் வடகரைக்காரரான அத்தை வீட்டு மாமா மண்வெட்டியோடு அதிகாரியைத் தாண்டி உள்ளே போனார். "அண்ணாச்சி, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, மண்ணு தெறிக்கும்." அவர் பின்னால் வடகரைத் தெருவே போனது. முதல் வெட்டு விழுந்த சத்தம் கேட்டதும் அதிகாரி சைக்கிளை எடுத்தார். "நான் இந்தப் பக்கம் வரவே இல்ல, பாத்துக்கிடுங்க" என்று சாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனார். பாத்துக்கிட்டோம்.

இப்போது ஓடைக்குப் பாலம் வந்துவிட்டது. வாயில் கல்லைக் கொட்டியதில் மணல் அடைப்பதும் நின்றுபோனது. வெயிலில் நடந்த வழியும் இல்லை, மழைக்கு வள்ளமும் இல்லை. பாலத்தின் நடுவே ஒரு பலகை மட்டும் நிற்கிறது: மாவட்ட எல்லை முடிகிறது, நன்றி, மீண்டும் வருக. கல்லறைக்குப் போகிறவர்களுக்கு என்ன நன்றி, என்ன வருக! போன வருஷம் அம்மாவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பலகையைத் தாண்டிப் போய், அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். அடுத்த இடம் எனக்கு என்று அன்றைக்கே அண்ணன் மக்களிடம் சொல்லிவிட்டேன். அதற்கும் யாரிடமும் எழுதி வாங்கப் போவதில்லை.