தேவசுந்தரியின் முட்டி வலி

திருத்தணியில் டீசல் டேங்க் கழுவ ஆள் வேண்டுமென்றால் ஜெபதுரையைத்தான் கூப்பிடுவார்கள். ஆர்.கே.பேட்டை விசைத்தறிக் கொட்டகையின் ஜெனரேட்டர், கனகம்மாசத்திரத்தில் நிற்கும் லாரி, கல்யாண மண்டபம் என்று வருஷத்தில் பத்து மாதம் இதே சுற்று. மீதி இரண்டு மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில், தினமும் விடியற்கால மின்சார ரயிலைப் பிடித்துச் சென்னை காசிமேட்டுக்குப் போய்வருவார். கடலுக்குப் போகாமல் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளின் டேங்கைச் சுத்தம் செய்ய அதுதான் நேரம். போகும்போது ரயிலில் பிரச்சினை இல்லை. திரும்பும்போது அவர் மேல் அடிக்கிற டீசல் வாடைக்கு, பெட்டி பிதுங்கி வழிந்தாலும் பக்கத்து இடம் காலியாகவே வரும். முப்பது வருஷமாக அந்த இடத்தில் அவர் மனைவி தேவசுந்தரி உட்கார்ந்து வந்தாள். அவள் மேலும் அதே வாடைதான், அதனால் இருவருக்கும் தெரியாது.

பெரிய படகு டேங்க் என்றால் ஓட்டை வழியாக ஆளே உள்ளே இறங்க வேண்டும். மூன்று நாள் திறந்து போட்டுக் காற்று விட்டபின், அடியில் படிந்த கறுப்புக் கசடை அள்ளி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, கடைசியில் கெட்டியாகப் பிசைந்த மைதா மாவு உருண்டையால் சுவரெல்லாம் ஒற்றி எடுப்பார். துணிக்குச் சிக்காத துருத்தூள் மாவில் ஒட்டிக்கொள்ளும். மாவு பிசைவது தேவசுந்தரி. டேங்கின் வாயில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பதும் அவளே. உள்ளே இருப்பவர் மயங்கினால் வெளியே தெரியாது. ஆகவே மேலே ஒருவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், உள்ளே இருப்பவர் "ஆங்" போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆங் நின்றுபோனால் இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட வேண்டும். தேவசுந்தரிக்கு இதைவிடப் பிடித்த வேலை உலகத்தில் கிடையாது. சபையில் யாருக்கு யாரோடு மனத்தாங்கல், ஓசூரில் மகள் அபிகாயில் வாங்கிய வாஷிங் மெஷின் என்ன விலை, எல்லாவற்றையும் அந்த ஓட்டை வழியாகக் கொட்டுவாள். வீட்டில் இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. டேங்கிலேயே பேசித் தீர்த்துவிட்டு வந்தால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்?

போன நவம்பரில் அவள் மாரடைப்பில் போய்விட்டாள். பஸ் நிலையத்துச் சுவரில் அவள் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, மாசி மாதம் வரை இருந்தது. ஜெபதுரை டீக்கடைக்குப் போனால் பேச்சு சட்டென்று நிற்கும். யாராவது தோளைத் தொட்டு, கஷ்டப்படாமல் போன புண்ணியவதி என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அபிகாயில் போன் செய்து, ஓசூருக்கு வந்துவிடு நைனா என்று அழுவாள். வீட்டில் பேச ஆளில்லாததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். வெளியே பேசுகிற அத்தனை பேரும் அவளுடைய சாவை மட்டுமே பேசியதுதான் அவரைத் தனியாக்கிவிட்டது.

ஏப்ரலில் காசிமேட்டுக்குப் போன முதல் நாள், அக்கா எங்கே என்று படகு டிரைவர் பெருமாள் கேட்டான். சொல்லத்தான் வாயைத் திறந்தார். முட்டி வலி என்று வந்துவிட்டது. அப்படியா என்று அவனே ஓட்டை மேல் குந்திக்கொண்டான். அன்று பத்துப் பேர் கேட்டார்கள், பத்துப் பேருக்கும் முட்டி வலி. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், இந்த ஒரு பொய்யை மட்டும் பிள்ளை மாதிரி வளர்த்தார். ஒரே வாரத்தில் அந்த முட்டிக்கு அரக்கோணத்தில் டாக்டர் பார்த்தாகிவிட்டது, ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, மாடிப்படி ஏறக்கூடாது என்றும் சொல்லியாகிவிட்டது. படகு ஓனர் ஜம்புலிங்கத்தின் மனைவி சுஜாதா, அக்காவுக்கென்று தைலமும் சங்கரா மீனும் கொடுத்தனுப்பினாள். மீனைத் தானே குழம்பு வைத்துத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். செய்வது தப்பு என்று தெரியாமல் இல்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் ரயில் ஏறுவார், சென்ட்ரல் வருவதற்குள் தைரியம் போய்விடும். காசிமேட்டில் தேவசுந்தரி உயிரோடு இருந்தாள். கொஞ்சம் நொண்டினாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டால் அங்கேயும் அவள் செத்துப்போவாள்.

தடைக்காலம் முடிய நான்கு நாள் இருக்கும்போது ஜம்புலிங்கத்தின் படகு டேங்குக்குள் இறங்கினார். பெருமாள் ஊருக்குப் போயிருந்ததால் சுஜாதாவே ஓட்டை மேல் உட்கார்ந்தாள். அவளும் வாய் ஓயாத பெண்தான். ஐஸ் விலை, வலைக்காரன் ஏமாற்றியது எல்லாம் வந்து முடிந்தபின் முட்டிக்கு வந்தாள். தைலம் தேய்க்கிறதா, வலி குறைந்ததா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆங் போட்டார்.

"சும்மா ஆங் ஆங்னுகினு கீறியே. அக்கா நம்பர சொல்லுண்ணே, நானே போன் போட்டுப் பேசுறேன்."

இதற்கு ஆங் பதிலாகாது. ஜெபதுரை கசடு வழியும் துணியோடு அப்படியே நின்றார். வேறு பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. மேலே சுஜாதா இரண்டு தரம் கூப்பிட்டாள். பிறகு கத்தினாள். பக்கத்துப் படகிலிருந்து ஆட்கள் தாவி வந்து கயிற்றை இழுத்தார்கள். அவரை வெளியே கிடத்தி, முகத்தில் தண்ணீர் அடித்து, மூச்சு முட்டிவிட்டதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார் ஜெபதுரை. "அவதான் இல்ல. நவம்பர்லயே போய்ட்டா."

சுஜாதா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கியதும் கோபம் வந்தது. ரெண்டு மாசமா ஏன் இப்படிப் பண்ணினாய், என் கையால் தைலம் வாங்கிக்கொண்டு போனாயே என்று கேட்டாள்.

"எங்க ஊர்ல எல்லாரும் அவ செத்ததத்தான் கேக்குறாங்க. நீங்க மட்டுந்தான் அவ எப்டி இருக்கான்னு கேட்டுகினு இருந்தீங்க."

வேலை பாதியில் கிடந்தது, காலையில் டீசல் நிரப்ப வேண்டும். அவர் திரும்ப உள்ளே இறங்கி மாவு உருண்டையை எடுத்தார். சுஜாதா மேலே உட்கார்ந்து, கொஞ்ச நேரத்துக்கொரு தரம் அண்ணே என்று மட்டும் கூப்பிட்டாள்.

வேலை முடித்து அவர் வெளியே வருவதற்குள் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் எழுந்து வந்து தோளைத் தொட்டார். இதுவும் திருத்தணி டீக்கடைதான், கடல் ஓரமாக இருந்தது. ஜெபதுரை தலையை நிமிர்த்தாமல் வேகமாக நடந்தார்.

வெளிவாசலில் ஐஸ் இறக்கும் டில்லிபாபு அப்போதுதான் லாரியிலிருந்து குதித்தான். அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

"இன்னாண்ணே, கெளம்பிட்டியா? அக்காவுக்கு முட்டி எப்டி கீது?"

ஜெபதுரை நின்றார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பரவால்லப்பா," என்றார். "இன்னிக்கிக் காலைல எழுந்து கொஞ்ச தூரம் நடந்தா."