தரையைத் தொடாத கோடு

விளக்கைப் போடுவதற்கு முன்னாலேயே கதவக்காவின் உள்ளங்கை அந்த இரும்புக் கதவில் பதிந்துவிடும். "வந்துட்டேன். முழிச்சாச்சா?" என்பாள். பதில் வருகிற மாதிரி கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொள்வாள். அதற்கப்புறம்தான் விளக்கு, செருப்பு மாற்றுவது, ஃபிளாஸ்கில் கொண்டுவந்த காப்பி எல்லாம். கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆளும் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள்.

கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கிற தாய்மார்களையும் வைத்து ஆராய்ச்சி நடக்கிற கட்டடம் அது. மாடிப்படி ஏறி நடைவழியின் கோடிக்குப் போனால் மூச்சு அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, திரைக்குப் பின்னால் கழிப்பிடம், சுவரில் கனத்த கண்ணாடி ஜன்னல். கதவைச் சாத்திச் சக்கரத்தைத் திருகிவிட்டால் எறும்பு விடுகிற மூச்சுகூட வெளியே வராது. ஒரு குழாய் காற்றை உள்ளே விடும். இன்னொன்று அதை வெளியே எடுத்து இயந்திரத்துக்குக் கொடுக்கும். உள்ளே ஒரு பகலும் ஓர் இரவும் இருக்கிற பெண்ணின் உடம்பு தின்றதில் எவ்வளவை எரிக்கிறது, எவ்வளவைப் பாலாக்குகிறது, வயிற்றுப் பிள்ளைக்கு எவ்வளவு விடுகிறது என்று அந்தக் காற்றை வைத்தே, ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மா கண்டுபிடிப்பார். பயந்துபோய் வருகிற பெண்களுக்குக் கதவக்கா இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள். "பொகையப் பாத்தா அடுப்புல எவ்வளவு வெறகு எரியுதுன்னு தெரியுமா, தெரியாதா? அவ்வளவுதான். இங்க நீதான் அடுப்பு. போய்ப் படு."

கதவைத் திறப்பது, சாத்துவது, இரட்டைக் கதவு வைத்த சின்னப் பெட்டி வழியாகச் சாப்பாட்டை உள்ளே தள்ளுவது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது. அவள் வேலை இதுதான். பெயர் வைத்தவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள். அதை அங்கே யாரும் கேட்டதில்லை. காலமெல்லாம் சக்கரம் திருகியதில் வலது கை இடது கையைவிடப் பருத்துவிட்டது. ஜாக்கெட் தைக்கிறவர் இரண்டு கைக்கும் தனித்தனியாக அளவெடுக்கிறார். உள்ளே இருப்பவர்களோடு மைக்கில் தேவைக்கு மேல் பேசக் கூடாது என்பது விதி. கதவக்காவுக்குத் தேவை ஜாஸ்தி. "தட்டுல மிச்சம் வைக்காதே தங்கச்சி, வச்சா அதையும் நிறுப்பாங்க. இங்க பருக்கைக்குக்கூடக் கணக்கு." "சும்மா காலை நீட்டிப் படு. யாரு பாக்கப்போறா? நான்தான் பாக்குறேன், என்னையெல்லாம் ஒரு ஆளா நெனைக்காதே."

நாள் முழுக்கக் காற்றுப் புகாத கதவோடு மல்லுக்கட்டுகிறவள், வீட்டில் ஒரு கதவையும் சாத்த மாட்டாள். வாசல் கதவு, சமையலறைக் கதவு, அலமாரிக் கதவு எல்லாம் ஆவென்று கிடக்கும். பேருந்து ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "திருடன் வந்தா சங்கடப்படுவான்டி. உள்ள யாரோ விருந்தாளிக்குக் காத்திருக்காங்கன்னு நெனைச்சுத் திரும்பிப் போயிடுவான்."

"வரட்டுமே. வந்து நிம்மதியா மூச்சு விட்டுட்டுப் போகட்டும்."

அந்தக் கோட்டைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு திரை, அதில் அறைக்குள் விடுகிற மூச்சைக் காட்டுகிற ஒரு பச்சைக் கோடு. உள்ளே ஆள் இருந்தால் கோடு உயரத்தில் நிற்கும். ஆள் வெளியே வந்து, அறைக் காற்றையும் மாற்றிவிட்டால் மளமளவென்று இறங்கித் தரையைத் தொட வேண்டும். அதுதான் நியாயம். இந்த அறையின் கோடு தொடுவதில்லை. தரைக்கு ஒரு மயிரிழை மேலே நின்றுவிடும். நின்ற இடத்திலும் சும்மா நிற்காது. லேசாக ஏறும், லேசாக இறங்கும்.

இஞ்சினியர் குழாயை மாற்றினார், கதவு ரப்பரை மாற்றினார், இயந்திரத்தின் குடலையே உருவிப் போட்டுக் கழுவினார். கடைசியில், "எல்லா மெஷினுக்கும் ஒரு குணம் இருக்கும்க்கா" என்று சொல்லி, வருகிற ஒவ்வொரு கணக்கிலிருந்தும் அந்த மயிரிழையைக் கழித்துவிட ஏற்பாடு செய்தார்.

"கழிங்க தம்பி, நல்லாக் கழிங்க. கோவிச்சுக்காது. சின்னப் புள்ளதானே" என்றாள் கதவக்கா.

இஞ்சினியர் சிரித்தார். சிரித்தாலும், அன்றைக்குப் பிறகு அந்த ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை.

மத்தியான வேளையில் அந்த ஏற்ற இறக்கம் நீண்டு மெதுவாகும். "தூங்குது" என்று கதவக்கா குரலைத் தாழ்த்துவாள். நடைவழியில் யாராவது வாளியை உருட்டினால் கோடு வெடுக்கென்று துள்ளும். புதிதாகச் சேர்ந்த ஆய்வுக்காரப் பெண் ஒருத்தி இதைப் பார்த்தாள். அடுத்த வாரமே ரத்தப் பரிசோதனைப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இதெல்லாம் தொடங்கியது அறை கட்டிய புதிதில். எடை குறைந்து பிறந்த ஒரு பெண் குழந்தையும் அதன் தாயும்தான் அந்த அறைக்கு முதல் ஆட்கள். குழந்தைக்குப் பால் எவ்வளவு போகிறது என்று பார்க்க, குடிப்பதற்கு முன்னும் பின்னும் தராசில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் மின்சாரம் போனது. காற்றுக் குழாயின் மோட்டார் நின்றது. கதவக்கா அப்போது சின்ன வயசுக்காரி. சக்கரத்தைத் திருகி, தோளால் இடித்துக் கதவைத் திறந்து, குழந்தையை வாரினாள். அது வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. எங்கேயோ வைத்துவிட்டுத் தேடி எடுத்து வருகிற மாதிரி, மூச்சு தாமதித்துத்தான் வந்தது. வந்ததும் அழுதது பாருங்கள், கட்டடமே திரும்பிப் பார்த்தது. குழந்தை நலம் என்றார்கள். நலம்தான். ஆனால் அன்றிலிருந்துதான் கோடு தரையைத் தொடவில்லை.

"புது ரூமு. வெறும் வயிறு" என்பாள் கதவக்கா. "பசி தாங்கல. மொதல்ல கெடைச்ச மூச்சுல ஒரு வாய் எடுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் எத்தனை புள்ளைங்க வந்து போச்சு, யாருகிட்டயாவது கை வச்சுதா? வயிறு நெறைஞ்சிருக்கு, பேசாம இருக்கு."

அந்தக் குழந்தை வளர்ந்தது. அப்போது அளந்த பிள்ளைகளை டாக்டரம்மா விடாமல் கூப்பிட்டுச் சோதித்துவந்ததால், அவளும் வந்து போய்க்கொண்டிருந்தாள். இதயம் சுத்தம், நுரையீரல் சுத்தம். ஆனால் மாடிப்படித் திருப்பம் வந்தால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். "இந்தப் படியைக் கட்டுனவருக்கு என்மேல என்ன கோவமோ" என்று சிரிப்பாள். "அரை மூச்சுக்காரி" என்பது அவள் அம்மா வைத்த பட்டம். கதவக்காவுக்கு மட்டும் அவள் இன்றைக்கும் பாப்பாதான்.

இந்த வருஷம் பாப்பா கர்ப்பமானாள். இந்த வருஷம்தான் அந்த மயிரிழையும் கொஞ்சம் கொஞ்சமாக உயரத் தொடங்கியது. வயிற்றுப் பிள்ளை வளர வேண்டிய அளவு வளரவில்லை. மூச்சு அறையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே என்ன செய்வதென்று முடிவெடுக்க முடியும் என்றார் டாக்டரம்மா. பாப்பா பையும் தலையணையுமாக வந்து நின்றபோது, கதவக்கா கதவுக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பருத்த கை.

"இவளை உள்ள விட மாட்டேன்."

"அக்கா, விளையாடாதீங்க" என்றார் டாக்டரம்மா. "இவ நல்லாத்தான் சாப்பிடுறா. பிள்ளைக்குப் போய்ச் சேரல. எங்க போகுதுன்னு தெரிஞ்சாத்தானே ஏதாவது செய்ய முடியும்?"

"எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். அதோ, அந்தக் கோட்டைப் பாருங்க. யாரோடதைத் தின்னு அது கொழுக்குது? இப்ப ரெண்டு உசுரா உள்ள அனுப்புறீங்க. இவகிட்ட ருசி கண்டது அது. சின்னதோடதையும் எடுத்துக்கிச்சுன்னா?"

"அது மெஷின் கோளாறு அக்கா!"

"அப்போ மெஷினைச் சரி பண்ணிட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

பாப்பாவின் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். டாக்டரம்மா வாட்ச்சைப் பார்த்தார். பாப்பாதான் மெல்ல வந்து, நீட்டிய அந்தக் கையைத் தொட்டாள். "விடுங்கக்கா. எனக்கு என் புள்ள பொழைக்கணும். அதுவும் இல்லாம..." கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். "எனக்கு இந்த ரூமைப் பாத்தாலே, எதையோ மறந்து வச்சுட்டுப் போன வீட்டைப் பாக்குற மாதிரி இருக்கு."

கதவக்கா கையை இறக்கினாள். இறக்கினாளே தவிர வாயை மூடவில்லை. "நான் இந்த ஜன்னலை விட்டு எழுந்திரிக்க மாட்டேன். யாரும் என்னைச் சாப்பிடு, தூங்குன்னு கூப்பிடக் கூடாது." பாப்பாவின் காதருகே குனிந்து, "உன்னோடதைக் கேட்டு வாங்கிக்க. இன்னும் ஒரு துளிகூடக் குடுத்துட்டு வராதே" என்றாள். சக்கரத்தை அவள் அன்று திருகியது, தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி இருந்தது.

பாப்பா கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் படுக்கையைத் தடவிப் பார்த்தாள். மைக்கில் குரல் வந்தது. "அக்கா, இப்ப இங்க யாராவது படுத்திருந்தாங்களா?"

"ஏன்?"

"வெதுவெதுன்னு இருக்கு."

அந்த வாரம் முழுக்க அறையில் யாரும் படுத்திருக்கவில்லை. விரிப்பை அன்று காலைதான் கதவக்காவே மாற்றியிருந்தாள். "உன் இடம்தான். படு" என்றாள்.

பாப்பா சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். கையை வளைத்து, சின்னதாக எதையோ அணைத்துக்கொள்கிற மாதிரி வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். திரையில் கோடு உயரே நின்றது. பெரிய அலையாக அவள் மூச்சு. அதன் முதுகில் சவாரி செய்கிற மாதிரி ஒரு குட்டி அலை. கதவக்கா கண் கொட்டாமல் அந்தக் குட்டி அலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுத் தட்டு பெட்டியில் ஆறிக்கொண்டிருந்தது. மத்தியானம் சாய்கிற நேரத்தில் குட்டி அலை மெலிந்தது. இன்னும் மெலிந்தது. இல்லாமல் போனது.

கதவக்கா எழுந்து கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள். "பாப்பா! பாப்பா! எழுந்திரு! வயித்துல அசைவு இருக்கா பாரு!"

பாப்பா எழுந்து உட்கார்ந்தாள். முகம் தூக்கத்தில் ஊறியிருந்தது. கையை வயிற்றில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. கதவக்காவின் கை சக்கரத்துக்குப் போய்விட்டது. பாப்பாவின் உதடு கோணியது. அழப்போகிறாள் என்றுதான் இருந்தது.

"உதைக்குதுக்கா" என்றாள். "யப்பா, என்ன உதை! இப்படி உதைச்சதே இல்லக்கா!" சிரித்துக்கொண்டே பெட்டிக்குப் போய்த் தட்டை எடுத்து, நின்றபடியே சோற்றை அள்ளி வாயில் போட்டாள். பருக்கை மிச்சமில்லாமல் தின்று, இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டாள்.

மறுநாள் காலை வெளியே வந்து படியிறங்கிப் போனவள், தலையணையை மறந்துவிட்டேன் என்று திரும்பி மேலே ஏறி வந்தாள். எடுத்துக்கொண்டாள், போனாள். கீழே நின்ற அவள் அம்மாவின் குரல் மாடிவரை கேட்டது. "ஏய், நீ திருப்பத்துல நிக்கவே இல்லையேடி?"

அந்தப் பிள்ளை பிறகு மாதம் நிரம்பி, நல்ல எடையோடு பிறந்தது. பால் குடித்துவிட்டுத் தாயையே முறைக்கிறதாம். அது இருக்கட்டும். பாப்பா போன அன்று சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும்.

அறைக் காற்றை மாற்றி முடித்தார்கள். கோடு இறங்கியது. மயிரிழையில் நிற்கவில்லை. தரையைத் தொட்டது; தொட்டு, அசையாமல் படுத்துவிட்டது. இஞ்சினியர் கைதட்டினார். "போன வாரம் போட்ட ரப்பர் இப்பதான் படிஞ்சிருக்கு. நான் சொல்லல?" அவர் சொன்னதும் நிஜமாக இருக்கலாம். டாக்டரம்மாவுக்கும் சந்தோஷம். "நாளைக்கு வர்ற கேஸுக்குச் சுத்தமான கணக்கு கெடைக்கும். பச்சைக் குழந்தை அக்கா, எடையே ஏறல. அதோட அம்மாவைக் காலையிலேயே வரச் சொல்லியிருக்கேன்."

கதவக்கா கைதட்டவில்லை. "அப்போ மறுபடி வெறும் வயிறா?" என்று மட்டும் கேட்டாள். யார் காதிலும் விழவில்லை.

எல்லாரும் கிளம்பிப்போன பிறகு சக்கரத்தைத் திருகித் திறந்தாள். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். விரிப்பு சில்லென்று இருந்தது. நன்றாக இழுத்து ஒரு மூச்சு வாங்கி, தோள் இறங்கி, வயிறு ஒட்டி, இனி விட ஒன்றுமில்லை என்கிறவரைக்கும் அதை அந்த அறைக்குள் விட்டாள். பிறகு எழுந்து வந்து கதவைச் சாத்தி இறுக்கினாள். திரையைப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

திருப்பத்தில் நின்றாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் கைவைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு இருட்டிக் கிடந்த நடைவழியைத் திரும்பிப் பார்த்து, "மெதுவா சாப்பிடு" என்றாள்.