போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறது

போன வாரம் நெருப்பெரிச்சல் என்ற ஊரின் நாற்சந்தி ஒன்றில் நின்று ஒரு செல்போனோடு மல்லுக்கட்டினேன். நான் திருப்ப, அது திரும்ப... இந்த வயதில் அத்தனை பேர் முன்னால் அப்படி ஆடியதே இல்லை!

குடிநீர் அலுவலகத்தில் வரைபடம் போட்டே ஓய்வு பெற்றவன் நான். பூமிக்கடியில் குழாய் எங்கே ஓடுகிறது, வால்வு எங்கே இருக்கிறது என்று காட்டும் பெரிய பெரிய தாள்கள். அவற்றையெல்லாம் இப்போது ஸ்கேன் செய்து ஊழியர்களின் போனிலேயே போட்டுவிட்டார் சத்யா என்ற இளம் பெண் பொறியாளர். பீரோவைக் குடைய வேண்டாம், கரையான் தட்ட வேண்டாம். தெருப்பெயரைத் தட்டினால் படம் வந்து நிற்கிறது!

சரிபார்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். அன்று கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தேன். சொல்லக் கூச்சம். பஜ்ஜி வந்தது, டீ வந்தது, திரையில் ஏதோ கோடுகள் ஓடின. "எல்லாம் கரெக்ட் அம்மிணி" என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் சத்யாவிடமிருந்து அந்த போன். "சார், குழாய் வெடிச்சிருச்சுங்க. படத்துல இருக்கற எடத்துல வால்வு இல்லீங்க. கொஞ்சம் வர முடியுங்களா?"

போனேன். தண்ணீர் மின்கம்ப உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கிறது. ஒருவர் நிதானமாக பைக் கழுவிக்கொண்டிருக்கிறார். பேக்கரி முன்னால் தார் ரோட்டைத் தோண்டிப் பெரிய குழி. வால்வு மட்டும் இல்லை. மேல்நிலை டேங்கில் அடைத்தாலும் குழாயில் இருப்பது வடியும்வரை கொட்டத்தான் செய்யும். தெருத் தண்ணீரோ நிட்டிங் கம்பெனி வாசற்படியைத் தொட்டுவிட்டது.

கம்பெனிக்காரர் கந்தசாமி தலையில் கை வைத்திருந்தார். "உள்ள பூராத் துணி ரோலுங்க! இன்னொரு படி ஏறுனா எல்லாம் போச்சுங்க. எல்லாம் இந்த கம்ப்யூட்டர் பண்ற வேலை. பேப்பர்ல இருந்தப்ப இந்த வம்பு உண்டுங்களா சார்?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ம்ம்..." என்று தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற சத்யாவின் முகம் சுருங்கியது.

போனை வாங்கிப் பார்த்தேன். இந்த முறை கண்ணாடியோடு. என் கையெழுத்து! எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் — வரைபடத்தில் டேங்க் எப்போதும் தாளின் உச்சியில்தான் இருக்கும். தண்ணீர் மேலிருந்துதானே வர வேண்டும்? வடக்காவது, தெற்காவது! ஆனால் இந்தப் பகுதிக்கு டேங்க் இருப்பது தெற்கே. படத்தின் மேல்பக்கம் வடக்கு என்று நம்பிய பிள்ளைகள் நேர் எதிர்மூலையைத் தோண்டியிருக்கிறார்கள்.

தலைகீழாகப் பார்க்கலாமே என்று போனைத் திருப்பினேன். படமும் திரும்பி நேராக நின்றது. மறுபடி திருப்பினேன். மறுபடி நின்றது.

"என்னங்க சாமி, ஸ்டியரிங் ஓட்டறீங்களா?" என்றார் பைக் கழுவியவர்.

போனைத் திருப்புவதை விட்டுவிட்டு நானே திரும்பி டேங்கைப் பார்த்து நின்றேன். அவ்வளவுதான்! எல்லாம் சரியாக உட்கார்ந்தது. "அந்த மூலை! ஜெராக்ஸ் கடை முன்னால!" என்று கத்தினேன். கடப்பாரை இறங்கியது. 'ணங்' — இரும்பு மூடி. வால்வைத் திருக, தண்ணீர் ஆள் உயரமாகி, முழங்கால் உயரமாகி, அடங்கியது. தெருவே விசில் அடித்தது. கடைசிப் படியோடு தண்ணீர் நின்றுவிட்டது. கந்தசாமி என்னைக் கட்டிப்பிடித்தார். "அனுபவம்னா இதுதானுங்க!"

அந்த ஈரக் கட்டிப்பிடிப்பில் இருக்கவே முடியவில்லை. "இல்லீங்க. படம் நான் போட்டது. சரின்னு சொன்னதும் நான்தான், பார்க்காமலே. இந்த அம்மிணி மேல ஒரு தப்பும் இல்லீங்க."

கந்தசாமி கையை எடுத்தார். சத்யா மட்டும் சிரித்தார். "அப்ப திங்கக்கிழமை வந்துருங்க சார். எல்லாப் படத்தையும் மறுக்காப் பார்க்கோணும்."

போய்க்கொண்டிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு படத்தின் உச்சியிலும் சிவப்பில் ஒரு வரி: 'டேங்கைப் பார்த்து நிற்கவும்.' பஜ்ஜி இன்னும் வருகிறது — பார்த்து முடித்த பிறகுதான் தருகிறார்கள்.