அப்பா கையைத் தூக்கினார்

முனியாண்டி மாமா இன்று காலை போய்விட்டார்... சுங்கைப் பட்டாணி வீட்டில். தொண்ணூற்றெட்டு வயது.

எங்களுக்குச் சொந்தம் இல்லை. சப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் அப்பாவும் அவரும் ஒரே ரப்பர் எஸ்டேட். மாமா ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிக்கு உதவி, திடலில் ரெஃப்ரி.

போருக்கு முன் இருந்த அமெரிக்கத் துரை பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் தன் நாட்டு ஃபுட்பாலை இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். உதைத்த பந்து மேலிருந்து வரும்போது கையைத் தூக்கி ஆட்டிவிட்டுப் பிடித்தால் 'ஃபேர் கேட்ச்'. பிடித்தவனை யாரும் இடிக்கக் கூடாது. அவனும் ஓடக் கூடாது... நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

துரை ஓடிப்போன பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. சாப்பாடு வெறும் மரவள்ளிக் கிழங்குதான், ஆனாலும் ஆட்டம்!

அப்பா ஓடினால் எவனாலும் பிடிக்க முடியாதாம். அம்மா அப்போது ஆறு மாதம், வயிற்றில் பெரியக்கா.

ஒரு நாள் சப்பான் அதிகாரி ஒருவன் ஆட்டம் பார்க்க வந்து உட்கார்ந்தான். சயாம் காட்டில் போடும் ரயில் பாதை வேலைக்கு ஆள் எடுக்க வந்திருக்கிறான், நன்றாக ஓடுகிறவனைத்தான் எடுப்பான்... இது ஆபீஸில் இருந்த மாமாவுக்கு மட்டும் தெரியும்.

அப்பா பந்தைப் பிடித்தார். விசில். ஃபேர் கேட்ச். மறுபடி பிடித்தார். மறுபடி விசில்.

நான் கையே தூக்கவில்லையே என்று அப்பா சண்டைக்குப் போயிருக்கிறார். மாமா கண்டுகொள்ளவே இல்லை. ஐந்தாவது விசிலுக்கு அப்பா பந்தை வீசிவிட்டு லயத்து வீட்டுக்கே போய்விட்டார்.

மறுநாள் காலை, நன்றாக ஓடிய நாலு பேரை லாரியில் ஏற்றினார்கள். அப்போதுதான் அப்பாவுக்கு விளங்கியது. நாலு பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

எல்லோருக்கும் ஊதியிருந்தால் மாமா தலையே போயிருக்கும். ஆனால் தீபாவளிக்கு முதல் நாள் படையலில், அந்த நாலு பேருக்கும் தனித்தனி இலை போடுவார். ஒரு வருஷம்கூட விட்டதில்லை.

போன மாதம் போனில் அவருக்கு அமெரிக்கன் ஃபுட்பால் காட்டினேன். ஒருவன் கையை ஆட்டிவிட்டுப் பந்தைப் பிடித்தான், ரெஃப்ரி ஊதினார். மாமாவுக்கு ஒரே சிரிப்பு.

அப்போது கேட்டுவிட்டேன்.

"உண்மையச் சொல்லுங்க மாமா. அப்பா கை தூக்கலதானே?"

"தூக்குனாருலா. நான் பாத்தேன்."

என்ன மனுஷன்!

பெரியக்கா இப்போது அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள்...

சரி மாமா. அப்பா கையைத் தூக்கினார்.

போய் வாங்க.