வாய்தா அக்காவின் நகல் மனு

“இனிஷியல் என்ன?”

கதவைச் சாத்திய கையோடு அக்கா கேட்பாள். வந்துபோனவர் மாடிக்கு வாடகை கேட்டவராக இருக்கலாம், அவள் வீட்டுக்காரரின் புதுச் சிநேகிதராக இருக்கலாம். அவருடைய பேச்சு, குணம், நடை உடை எதுவும் அவளுக்கு வேண்டாம். பேர், அப்பா பேர், இனிஷியல், முன்பு குடியிருந்த தெரு. இவ்வளவும் கிடைத்தால் மறுநாள் காலையில் கடையை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு, சிவில் கோர்ட்டின் பின்வாசல் வழியாக நுழைந்து நகல் பிரிவு ஜன்னலில் போய் நின்றுவிடுவாள்.

கடை, கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் உள்ள சலவைக்கடை. வக்கீல்களின் கறுப்புக் கோட்டுகள் பெரும்பாலும் அங்கேதான் வரும். கறுப்பில் அழுக்குத் தெரியாது என்பது அவர்கள் நம்பிக்கை. “தெரியாது. மணக்கும்” என்பாள் அக்கா. துணி கேட்டு வருகிறவர்களிடம் “வியாழனுக்கு வாய்தா” என்று சொல்லித் திருப்பி அனுப்புவாள். கோர்ட்டில் வழக்கைத் தள்ளிவைத்துக் கொடுக்கிற அடுத்த தேதிக்குத்தான் வாய்தா என்று பேர். வியாழன் போனால் திங்கள் என்பாள். அப்படித்தான் அவள் வாய்தா அக்கா ஆனாள். பல்செட் கட்டிய வக்கீல்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

போலீஸ் கேஸ்களை அவள் மதிப்பதில்லை. “அடிதடியில என்ன தெரியும்? கோபம் தெரியும். அவ்வளவுதான். சாக்கடைத் தண்ணி யார் பக்கம் ஓடணும்னு ஒருத்தன் பத்து வருஷம் கேஸ் நடத்துறான் பாரு, அங்கதான் மனுஷன் முழுசாத் தெரிவான்.” மகள் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். எல்லாம் இப்போது கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம் என்று போனை நீட்டினாள். அக்கா அதைத் தொடவே இல்லை. “இதுல யாரு ஜெயிச்சான், யாரு தோத்தான்னுதான் இருக்கும். கூண்டுல ஏறி என்ன உளறினான்னு பழைய கட்டுலதான் இருக்கும்.”

அவளுக்கு வேண்டியது அந்த உளறல். வழக்கு எண்ணும் வருஷமும் தெரியாவிட்டால் முதலில் தேடுதல் மனு. பதிவேட்டில் பேர் அகப்பட்டதும் ஸ்டாம்பு ஒட்டி நகல் மனு. வழக்கில் தொடர்பில்லாதவர் கேட்டால் கோர்ட் மொழியில் அவர் மூன்றாம் நபர். எதற்காகக் கேட்கிறோம் என்று சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை காரணம் என்ற இடத்தில் ‘மன நிம்மதிக்காக’ என்று எழுதினாள். மனு தள்ளுபடியாகிவிட்டது. அதே மனுவை ‘வீடு வாடகைக்கு விடுவதற்காக’ என்று மாற்றி எழுதினாள். நகல் கிடைத்தது. நிம்மதிக்குக் கோர்ட்டில் இடமில்லை, வாடகைக்கு உண்டு என்று அன்றைக்குப் புரிந்துகொண்டாள்.

சாட்சிகள் சொன்னதைப் படித்துப் படித்து அந்த நடை அவள் வாயிலும் ஏறிவிட்டது. கூண்டில் வக்கீல் கேட்பதையும் சாட்சி சொல்வதையும் ஒன்றாக்கி, ‘நான் அங்கே போனேன் என்றால் சரியல்ல’ என்றுதான் எழுதுவார்கள். அக்கா வீட்டிலும் அப்படியே பேசுவாள். “உப்பு கூடிப்போச்சுன்னா சரியில்ல. தண்ணி கொறஞ்சுபோச்சுன்னா சரி.” இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னால் நின்றபடியே ஆயுளின் பாதியைக் கழித்த வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் “ம்” என்பார். ஒரே ஒரு தடவை, “கல்யாணத்துக்கு முன்னால என்னையும் தேடினியா?” என்று கேட்டார்.

“தேடாம? உங்க பேர்ல ஒரு கேஸும் இல்ல. அதான் இப்படிச் சப்புனு இருக்கீங்க.”

“ம்.”

இந்தப் பழக்கம் மகளின் கல்யாணத்தில் வந்து இடித்தது. முதலில் வந்த சம்பந்தம் நல்ல இடம். பையனின் அம்மா, இரவல் கொடுத்த குக்கரைத் திருப்பித் தரவில்லை என்று பக்கத்து வீட்டின்மேல் வழக்குப் போட்டிருந்தாள். “குக்கருக்குக் கோர்ட் படி ஏறினவ, நாளைக்கு மருமக பாலைச் சிந்தினா ஸ்டே வாங்கிட்டு வருவா” என்று அக்கா அதை முறித்தாள். அடுத்து வந்த இடம் ஒரு ஜன்னல் வழக்கில் முறிந்தது. மூன்றாவதாக மகளே ஒருவனைப் பார்த்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். அம்மா இல்லாத பையன். அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

“அம்மா, இவரைத் தேடக் கூடாது. சத்தியம் பண்ணு.”

“பையனைத் தேடமாட்டேன். சத்தியம்.”

“தேடினேன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே நாங்க ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு உனக்கு நகல் அனுப்பிடுவோம். சர்டிஃபைடு காப்பி.”

அம்மா பெற்ற பெண். சொன்னால் செய்வாள். ஒரே மகளின் கல்யாணத்தைத் தபாலில் வாங்கிப் பார்க்கிற தைரியம் அக்காவுக்கு இல்லை.

அப்பாவும் பையனும் பேச வந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் நெட்டையான மனிதர். நாற்காலியில் பாதியில்தான் உட்கார்ந்தார். அக்கா வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். காபி ஆறுவதற்குள் கட்டு அவிழ்ந்துவிட்டது. “கோபம் வந்தா பையன் தட்டை வீசுவான்னா சரியில்லதானே?” “தெரு அடங்குறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவான்னா சரிதானே?” பையன் சிரித்தான். மகள் மேஜைக்கடியில் அம்மாவின் காலை மிதித்தாள். மெக்கானிக் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் அக்கா கணக்காக யோசித்தாள். பையனைத் தேடமாட்டேன் என்றுதான் சத்தியம். பையனுடைய அப்பாவைப் பற்றி யாரும் சத்தியம் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது கோர்ட்டிலேயே உள்ள வழக்கம்தான்.

பதிவேட்டில் பேர் சுலபமாக அகப்பட்டது. அண்ணன்மேல் போட்ட பாக வழக்கு. காரணம் என்ற இடத்தில் ‘சொத்து விஷயமாக’ என்று எழுதினாள். பெற்ற பெண்ணைவிடப் பெரிய சொத்து என்ன இருக்கிறது? சத்தியக் கையெழுத்து நடுங்காமல் விழுந்தது.

நகல் பிரிவு குமாஸ்தாவுக்கு எண்கள் ஞாபகத்தில் நிற்காது. ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு பேர் வைத்திருப்பார். நகல் தயாரானால் ஜன்னலிலிருந்து அந்தப் பேரைச் சொல்லித்தான் ஏலம் போடுவார். அன்றைக்கு “ஏணி கேஸ்!” என்று கூப்பிட்டு அக்காவிடம் நூல் கோத்த கட்டைக் கொடுத்தார். அவள் தூணோரம் நின்றபடியே மெக்கானிக்கின் சாட்சியத்தைப் படித்தாள். பாகம் பிரிந்தபோது கீழ்வீடு அண்ணனுக்கு, மாடி தம்பிக்கு. மாடிப்படி அண்ணன் பாகத்துக்குள் விழுந்துவிட்டது. படியிலும் பாகம் வேண்டும் என்று கோர்ட்டில் கேட்ட தம்பி, வழிவிடு என்று அண்ணனிடம் கேட்கவில்லை. தெருப்பக்கச் சுவரில் ஏணி சாத்தி ஏறினார். ‘லிஃப்ட் மெக்கானிக்கான நான் ஏணியில் ஏறுவதைப் பார்த்துத் தெரு சிரித்தது என்றால் சரிதான். மழையில் ஏறும்போது அண்ணன் குடை பிடித்தார், நான் வேண்டாம் என்றேன் என்றால் சரிதான்.’

அக்கா அந்த வரியை இரண்டாம் தடவை படித்தாள். ஆள் அவளுக்குப் பிடித்துப்போனது.

“சலவை கேஸ்!” என்று கத்தினார் குமாஸ்தா.

அக்கா ஜன்னலுக்குப் போனாள். “யோவ், அது என் கேஸு. நான் அதைக் கேக்கவே இல்லையே?”

“உங்களைக் கூப்பிடலைக்கா. கேட்டவர் அதோ வர்றார்.”

பின்னாலிருந்து நெட்டையாக ஒரு கை அவள் தோளைத் தாண்டி வந்து கட்டை வாங்கிக்கொண்டது. அக்கா திரும்பவில்லை. கையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“வணக்கம்மா” என்றார் மெக்கானிக். “உங்க கையில இருக்கிறது என்னுதுங்களா?”

“உங்களுதுதான்.”

“நல்லா வந்திருக்கா?”

“எழுத்து தெளிவா இருக்கு.”

ஜன்னலை அடுத்துக் கால் ஆடும் ஒரு பெஞ்சு. இருவரும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள். தேன்கூட்டில் கைவிட்டுப் பிடிபட்ட இரண்டு பேர் மாதிரி எதிர்ச்சுவரைப் பார்த்தார்கள்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றாள் அக்கா.

“நீங்க கேட்ட கேள்வி அப்படி. என்றால் சரிதானே, என்றால் சரியில்லதானேன்னு. கூண்டுல நின்னவங்கதாம்மா இப்படிப் பேசுவாங்க. நானும் நின்னவன். வாசல்ல செருப்பு மாட்டும்போது உங்க வீட்டுக்காரர்கிட்ட இனிஷியல் கேட்டேன். சொல்லிட்டார்.”

“அந்த மனுஷன் ஆயுசுக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசின ஒரு வார்த்தை இதுவா!”

அவள் போன் அடித்தது. மகள்.

“எங்கம்மா இருக்க? கடைக்குப் போன் பண்ணா அப்பா ம்னு சொல்றார்.”

“டெலிவரிக்கு வந்தேன்டி. ஒரு கம்பளிக் கோட்டு.”

“ஸ்டாம்பு ஒட்டாத மனுவை வாங்க மாட்டேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று யாரிடமோ பாய்ந்தார் குமாஸ்தா.

“யாரும்மா அது? ஸ்டாம்புங்கறாங்க?”

“போஸ்ட் ஆபீஸைத் தாண்டிப் போயிட்டிருக்கேன். வைடி.”

வைத்த சூட்டோடு மெக்கானிக்கின் போன் அடித்தது. பையன். “நடக்கிறேன்டா” என்றார் அவர். சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கினார். “இன்னும்... ரெண்டு... சுத்து இருக்கு.” போனைப் பையில் போட்டதும் மூச்சு உடனே சீராகிவிட்டது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பையனும் சத்தியம் வாங்கினானா?”

“உங்க பொண்ணு சொல்லிக்கொடுத்திருக்கும். பழைய கேஸைக் கிளறினா ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிடுவோம்னான்.”

“எனக்கும் அதேதான்.”

“அப்ப நாம ரெண்டு பேரும் இங்க வரவே இல்ல.”

“வந்தோம்னா சரியில்ல” என்றாள் அக்கா. பிறகு கேட்டாள்: “இப்பவும் ஏணிதானா? என் பொண்ணு அந்த மாடிக்குத்தானே வரணும்?”

“இல்லம்மா. அண்ணன், தன் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அண்ணியோட வந்தார். ஏணியில அண்ணிக்கு ஏற முடியல. மறுவாரமே அவரே வெளிப்பக்கமா இரும்புப் படி போட்டுக் கொடுத்துட்டார். நான் கேஸை வாபஸ் வாங்கிட்டேன்.”

அக்காவுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடு எழுந்து போயிருக்கலாம். மெக்கானிக் கட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லணும். கண்ணாடி எடுத்து வரல. வாக்கிங் போறவன் படிக்கிற கண்ணாடியோட போனா பையனுக்குச் சந்தேகம் வரும்.”

“என் கேஸை நானே படிக்கணுமா?”

“என்னுதை நீங்க படிச்சாச்சு. உங்களுதை நான் கேக்கணும். அதுதானே நியாயம்? நாளைக்கு என் பையன் உங்க வீட்டுல வந்து கால் வைக்கப்போறான். கேட்டுட்டுத்தாம்மா நான் முடிவு சொல்லுவேன்.”

குரல் மெதுவாகத்தான் இருந்தது. மழையில் குடையை வேண்டாம் என்ற குரல். அக்கா கட்டை மடியில் வைத்தாள். மொட்டைமாடியில் துணி காயப்போடும் உரிமைக்காக நாத்தனார்மேல் அவள் போட்ட வழக்கு. ஜெயித்த வழக்குதான். நாத்தனார் வேறு ஊருக்குப் போய்விட்டாள். மொட்டைமாடியில் இன்றைக்கும் வக்கீல் கோட்டுகள் காய்கின்றன. ஆனால் குறுக்கு விசாரணையில் ஒரு பக்கம் உண்டு. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கக் கேட்க, இளரத்தச் சூட்டில் அவள் சொன்னது. அது தட்டச்சில் எப்படி ஏறியது என்று அவளுக்கு மனப்பாடம். ‘மாடிப்படியில் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன் என்றால் சரிதான். நாத்தனார் வழுக்கி விழ வேண்டும் என்று ஊற்றினேன் என்றால் சரியல்ல. விழுந்தபோது சிரித்தேன் என்றால் சரிதான்.’

படிக்க ஆரம்பித்தாள். தன் பேர், வயது, தொழில். மொட்டைமாடியின் நாலு எல்லை. கொடிக்கயிறு கட்டிய ஆணிகள். காற்றில் பறந்துபோன துண்டு. மெக்கானிக் கண்ணை மூடி, லிஃப்டின் ஓசையில் கோளாறு தேடுகிறவர் மாதிரித் தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டு இடத்தில் சிரித்தார். நாத்தனார் கொடிக்கயிற்றை அறுத்த இடத்தில் “அடப் பாவமே” என்றார். அந்த “பாவமே” அக்கா தரப்பில் விழுந்தது. அவள் குரல் தெம்பாகிவிட்டது.

பக்கத்தின் கடைசி வரி வந்தது. ‘சம்பவ தினத்தன்று காலை நான் மாடிப்படியில்’ என்று வாக்கியம் பாதியில் நின்றது.

“ம், சொல்லுங்க சம்பந்தி” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். “படியில?”

“படியில நின்னு துணி பிழிஞ்சேன்” என்று வாசித்தாள் அக்கா. விரலை நாக்கில் தொட்டு, இந்தத் தாளோடு சோப்புத் தண்ணீர்த் தாளையும் சேர்த்துப் புரட்டினாள்.